கதவைத் தட்டும் அதிகாரியும் மௌனத்தின் அறமும்

அமெரிக்காவில் குடியேற்ற அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டும்போது, உள்ளே இருப்பவருக்கு இரண்டு உரிமைகள் உண்டு. கதவைத் திறக்காமல் இருக்கலாம். கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். 1791இல் அரசியல் சாசனத்தோடு சேர்ந்த நான்காம், ஐந்தாம் திருத்தங்கள் இவற்றுக்கு அடிப்படை. உள்ளே இருப்பவர் குடிமகனா, கிரீன் கார்டு உள்ளவரா, விசா காலாவதியானவரா என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த உரிமைகளைச் சொல்லித்தரும் வேலையைப் பல ஊர்களில் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதனாலேயே சட்டக் கேள்வி அறக்கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. உண்மை பேசச் சொல்லும் சமயம், வாயைத் திறக்காதே என்று கற்றுக்கொடுக்கலாமா? அனுமதியின்றித் தங்கியிருக்கும் ஒருவர், தாம் மீறிய சட்டத்திடமே பாதுகாப்புக் கேட்பது நேர்மையா?

முதலில் கதவு. ஒருவரைக் கைது செய்ய அவருடைய வீட்டுக்குள் நுழைவதென்றால் வாரண்ட் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் பேட்டன் வழக்கில் தீர்ப்பளித்தது. குடியேற்றத் துறையின் ஐ-200, ஐ-205 படிவங்களுக்கும் வாரண்ட் என்றுதான் பெயர். ஆனால் அவற்றில் கையெழுத்திடுபவர் நீதிபதி அல்லர். அதே துறையின் அதிகாரி. தேடுகிறவரும் தேட அனுமதிக்கிறவரும் ஒரே அலுவலகத்தார். ஆகவே அந்தத் தாள் வெளியிடத்தில் கைது செய்யப் போதுமே தவிர, இசைவின்றி வீட்டுக்குள் நுழையப் போதாது என்பது நெடுங்காலமாக நிலவும் சட்டக் கருத்து. நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இருந்தால் அதைக் கதவிடுக்கின் வழியே தரும்படி கேட்கலாம். உள்ளே இருப்பவரே ‘வாருங்கள்’ என்று சொல்லிவிட்டால் பாதுகாப்பு அத்தோடு போயிற்று. வாசற்படியில் வந்து நிற்பதும் ஆபத்துதான். திறந்த வாசலில் நிற்பவர் பொது இடத்தில் நிற்பவரே என்று 1976இல் சான்டானா வழக்கு முடிவுகட்டியது.

தெருவில் இந்தக் காப்பு இன்னும் மெல்லியது. கேள்வி கேட்க அதிகாரிக்குத் தடையில்லை. பிடித்து நிறுத்திவைக்கத்தான் நியாயமான சந்தேகம் வேண்டும். எல்லைக்கு அருகே ஓடும் வாகனங்களை மறிப்பது பற்றிய 1975ஆம் ஆண்டின் பிரிக்னோனி-போன்ஸ் தீர்ப்பு, ஆளின் தோற்றம் மட்டுமே அந்தச் சந்தேகத்துக்குப் போதாது என்றது. பல காரணங்களில் ஒன்றாகத் தோற்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பழுப்புத் தோலுள்ளவர்களின் அன்றாடச் சங்கடம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

வீட்டு வாசலுக்குத் தனி மதிப்பு தரும் எண்ணம் அமெரிக்கச் சாசனத்துக்கு வெகுகாலம் முந்தையது. கடன் வாங்கியவரின் வீட்டுக்குள் புகுந்து அடகுப் பொருளை எடுக்கக் கூடாது, வெளியே நின்று அவரே கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டும் என்று விவிலியத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரம் விதிக்கிறது. அங்கே கடன் பொய்யல்ல. கொடுத்தவரின் உரிமையும் பொய்யல்ல. இருந்தும் வாசல் அவரைத் தடுத்து நிறுத்துகிறது. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமும் பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, சலாம் சொல்லிய பிறகே நுழைய வேண்டும் என்கிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிப் போவதே தூய்மையானது என்றும் சேர்க்கிறது. கலீஃபா உமரைப் பற்றி இஸ்லாமிய மரபில் வழங்கும் கதை இதை ஆட்சியாளருக்கே பொருத்துகிறது. இரவில் நகரைச் சுற்றிவந்த உமர், சுவரேறிக் குதித்து ஒரு வீட்டில் நடந்த பாவத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார். அகப்பட்டவர் அஞ்சவில்லை. தாம் செய்தது ஒரு தவறு என்றால் கலீஃபா செய்தது மூன்று என்று கணக்குக் காட்டுகிறார்: துருவி வேவு பார்த்தது, வாசல் வழியே வராதது, அனுமதி கேளாதது. உமர் ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறார். குற்றம் இருக்கிறது என்பது ஒன்று, அதைக் கண்டுபிடிக்க அதிகாரம் எவ்வழியிலும் வரலாம் என்பது வேறு. பேட்டன் தீர்ப்பும் இந்தக் கதையும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

வாய் விஷயம் இவ்வளவு எளிதல்ல. உண்மையைச் சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும் ஒன்றா என்ற கேள்விக்கு இந்திய மரபின் கூர்மையான பதில் மகாபாரதத்தின் கர்ண பருவத்தில், கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்லும் கௌசிகன் கதையில் இருக்கிறது. எந்நாளும் மெய்யே பேசுவது என்று நோன்பு பூண்ட தவசி கௌசிகன். கொள்ளையருக்கு அஞ்சி ஓடிவந்த சிலர் அவன் இருந்த காட்டுக்குள் ஒளிந்தார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்டபோது, அவர்கள் போன திசையைக் கௌசிகன் காட்டிவிட்டான். ஒளிந்தவர்கள் கொல்லப்பட்டார்கள், மெய் பேசியவன் நரகம் போனான். கண்ணன் இதிலிருந்து பெறும் விதிக்கு இரண்டு படிகள் உண்டு. பேசாமல் இருந்து தப்ப முடியுமானால் பேசாதிருக்க வேண்டும். மௌனமே சந்தேகத்தைக் கிளப்பும் என்றால் பொய் சொல்வது மேல். திருக்குறளின் வாய்மை அதிகாரமும் சொல்லை நடந்ததோடு ஒப்பிட்டு அளக்காமல், அது விளைவிக்கும் தீமை நன்மைகளைக் கொண்டு அளக்கிறது. சமணரின் ஆசாரங்க சூத்திரம் பொய்க்கு இடம் கொடுக்காது. ஆனால் வழியில் இன்னதைப் பார்த்தீரா என்று கேட்போருக்குத் துறவி விடை தராமல் மௌனம் காக்க வேண்டும் என்கிறது, சொன்னால் உயிர்களுக்குத் தீங்கு நேரலாம் என்பதால்.

கிறித்தவ மரபு வேறு திசையில் போயிற்று. அகஸ்டின் 395 வாக்கில் எழுதிய ‘பொய்யைப் பற்றி’ என்ற நூலில் எந்தப் பொய்க்கும் மன்னிப்புச் சீட்டு இல்லை. ஆனால் அதே நூலில் அவர் போற்றும் மனிதர் ஃபிர்முஸ் என்ற ஆயர். வட ஆப்பிரிக்காவில் அகஸ்டினின் பிறந்த ஊரான தகாஸ்தேயில் முன்னொரு காலத்தில் ஆயராக இருந்தவர். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவரை அவர் ஒளித்து வைத்திருந்தார். பேரரசரின் ஆட்கள் தேடி வந்தார்கள். தம்மால் பொய்யும் சொல்ல முடியாது, ஆளையும் காட்டிக்கொடுக்க முடியாது என்றார் ஃபிர்முஸ். வதைத்தார்கள், அவர் மாறவில்லை. பேரரசரின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த உறுதியைக் கண்டு வியந்த பேரரசர், ஒளிந்திருந்தவரையே மன்னித்துவிட்டார் என்று அகஸ்டின் முடிக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை விதியாக்கினார். பிறரைக் காக்கவும் பொய் கூடாது. உண்மையை விவேகத்தோடு மறைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி அவர் சொல்வது இன்னும் பொருத்தமானது: சட்டத்தின் முறைப்படி கேட்கப்படாத கேள்விக்கு விடை தர அவர் கடமைப்பட்டவர் அல்லர். எது முறையான கேள்வி என்று தெரிந்திருந்தால்தானே விடை மறுக்க முடியும்? உரிமையை அறிந்திருப்பது அக்குவினாஸிடம் ஏற்கெனவே மனச்சாட்சியின் வேலையாகிவிட்டது.

எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு மெய்யியலாளர் கான்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரை. நண்பனைக் கொல்லத் துரத்தி வருபவன் கதவைத் தட்டி அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் வாதம். குடியேற்ற அதிகாரியைக் கொலைகாரனோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அவர் சட்டத்தின் பெயரால் வருபவர். எனினும் கான்ட்டைத் திட்டுபவர்களும் தாங்குபவர்களும் அடிக்கடி விட்டுவிடும் ஒரு நிபந்தனை அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே தீர வேண்டிய நிலையில் சிக்கியவரைப் பற்றித்தான் அவர் பேசுகிறார். பேசாமல் இருக்க வழி இருந்தால் அந்தப் புகழ்பெற்ற புதிர் எழுவதேயில்லை. கௌசிகனின் சிக்கலும் இதுவே. மௌனம் காட்டிக்கொடுக்கும் என்ற இடத்தில்தான் கண்ணனுக்குப் பொய் தேவைப்படுகிறது.

அந்த வழியை ஐந்தாம் திருத்தம் திறந்துவைக்கிறது. அதுவும் சமயப் பூசலில் பிறந்த வழிதான். 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தூய்மைவாதிகளை விசாரித்த நீதிமன்றங்கள், குற்றச்சாட்டு என்ன என்று சொல்லாமலேயே, கேட்பதற்கெல்லாம் உண்மை சொல்வதாகக் கடவுள் மேல் ஆணையிடச் சொல்லும். ஆணையிட்டுப் பொய் சொன்னால் ஆன்மா போகும். உண்மை சொன்னால் தானும் கூட்டாளிகளும் சிறைக்குப் போவார்கள். தடைசெய்யப்பட்ட நூல்களைக் கொண்டுவந்ததாக 1637இல் பிடிபட்ட ஜான் லில்பர்ன் அந்த ஆணையை எடுக்கவே மறுத்தார். சவுக்கடி பட்டார், தண்டனைக் கட்டையில் பூட்டப்பட்டார். அவரை விசாரித்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தையே 1641இல் நாடாளுமன்றம் கலைத்துவிட்டது. மௌன உரிமை குற்றவாளிகளுக்கென்று கண்டுபிடிக்கப்பட்ட பொந்து என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது. பொய் சொல்ல அஞ்சியவர்கள் கேட்டு வாங்கிய உரிமை அது.

இன்றைய குடியேற்றச் சட்டமும் அகஸ்டின் கோடு போட்ட இடத்திலேயே கோடு போடுகிறது. பேசாமல் இருந்தால் குற்றமில்லை. தான் அமெரிக்கக் குடிமகன் என்று பொய் சொன்னால், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த நாட்டில் சட்டப்படி வாழும் வாய்ப்பு ஏறக்குறைய நிரந்தரமாகப் போய்விடும். பிறகு குடிமகளை மணந்தாலும் அந்தக் கறை நீங்குவது மிக அரிது. போலிச் சான்றிதழ் காட்டுவதும் தனிக் குற்றம். இந்த உரிமைகளை அச்சிட்டுத் தரும் ‘உரிமை அட்டை’கள் எல்லாம் மறக்காமல் சொல்வது இதைத்தான்: ஓடாதே, எதிர்க்காதே, பொய் சொல்லாதே, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே, பேச விரும்பவில்லை என்றும் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்றும் மட்டும் சொல். ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. 18 வயது நிறைந்த, பதிவு அட்டை பெற்ற வெளிநாட்டவர் அதை எப்போதும் தம்முடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டக் கடமை. மௌன உரிமையைக் காரணம் காட்டி கிரீன் கார்டை வீட்டில் வைத்துவிட்டுத் திரிய முடியாது.

மௌனத்துக்கு விலையும் உண்டு. ஒருவர் வெளிநாட்டவர் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. அதற்கு மிக வசதியான சான்று அவர் வாயிலிருந்தே வரும் வாக்குமூலம். அதனால் வாசலில் காக்கும் மௌனம் பயன்படுகிறது. ஆனால் நாடுகடத்தல் விசாரணையில் பேசாமல் இருப்பதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்ணனின் இரண்டாம் படி இங்கே திரும்பி வருகிறது: மௌனமே காட்டிக்கொடுத்தால் என்ன செய்வது? பயப்பட ஏதாவது இருப்பவர் மட்டுமே வாய்மூடும் ஊரில் மௌனம் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். குடிமகனும், பத்து வருட கிரீன் கார்டுக்காரரும், எச்-1பி விசாவில் இருப்பவரும் கதவைத் திறக்காமல், கேள்விக்கு விடை சொல்லாமல் இருக்கும்போதுதான் மௌனத்திலிருந்து எதையும் ஊகிக்க முடியாமல் போகும். ‘எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, சொன்னால் என்ன?’ என்று கேட்கும் குடிமகன் நேர்மையாளராகத் தோன்றலாம். அடுத்த வீட்டுக்காரரின் மௌனத்துக்குக் குற்றச்சாயல் பூசுவதும் அவருடைய அந்தப் பதில்தான். உரிமையை அறிவது தன்னலம் என்று கருதும் சமயவாதிகள் கவனிக்கத் தவறுவது இதை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. நாட்டின் சட்டத்தை மீறி வந்தவர் அதே சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கலாமா? பிளேட்டோவின் ‘கிரிட்டோ’வில் சிறையிலிருந்து தப்ப மறுக்கும் சாக்ரடீஸ், ஏதென்சில் வாழ்நாளெல்லாம் இருந்ததன் மூலம் அதன் சட்டங்களோடு உடன்பாடு செய்துகொண்டதாகச் சொல்கிறார். ஆனால் அதே சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் தம் தரப்பை முழுமையாக வாதாடிவிட்டுத்தான் தீர்ப்பை ஏற்றார். சட்டம் தரும் தற்காப்பைப் பயன்படுத்துவது சட்டத்திலிருந்து தப்புவது ஆகாது. அப்போஸ்தலர் பணிகள் 22ஆம் அதிகாரத்தில் பவுல் செய்வதும் அதுதான். சவுக்கடிக்கு அவரைக் கட்டியபோது, தண்டனைத் தீர்ப்புப் பெறாத உரோமைக் குடிமகனை அடிப்பது முறையா என்று நூற்றுவர் தலைவனிடம் கேட்கிறார். உடனே கைகள் விலகுகின்றன. துன்பத்தைத் தாங்குவதைப் பெருமையாக எழுதியவர், தேவையற்ற அடியை உரிமை பேசித் தவிர்த்ததில் முரண் எதையும் காணவில்லை.

பவுலைக் காத்தது குடியுரிமை. அது இல்லாத யூதர் ஒருவர் அன்று அந்தக் கம்பத்தில் அடி வாங்கியிருப்பார். அந்தக் காப்பைக் குடிமகனிடமிருந்து மனிதனுக்கு நகர்த்திய பெருமை 19ஆம் நூற்றாண்டின் சீனச் சலவைத் தொழிலாளர்களுக்கு உரியது. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த சான் பிரான்சிஸ்கோ நகராட்சியிடம் அனுமதி கேட்ட சுமார் 200 சீனர்களுக்கு மறுப்பு. சீனரல்லாத சுமார் 80 பேருக்கு அனுமதி. 1886இல் யிக் வோ வழக்கில், சாசனத்தின் சமப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, அந்த மண்ணில் இருக்கும் ஒவ்வொரு நபருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 1892இன் கியரி சட்டம் சீனத் தொழிலாளர்கள் வசிப்பிடச் சான்றிதழ் பெற்று வைத்திருக்க வேண்டும் என்றது; பெறத் தவறியவர் தாம் முன்பே அங்கு வாழ்ந்ததை நிரூபிக்க நம்பகமான வெள்ளையர் ஒருவரையாவது சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். சீனச் சங்கங்கள் பதிவு செய்ய வேண்டாம் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டன, பெரும்பாலோர் பதியவில்லை. 1893இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. நாடுகடத்தல் தண்டனையே அல்ல என்பது அன்று அது கண்ட காரணம். மூன்று ஆண்டுகள் கழித்து வோங் விங் வழக்கில், விசாரணையின்றிக் கடுங்காவல் விதிப்பது தண்டனைதான், அது செல்லாது என்று ஓரளவு பின்வாங்கியது.

‘தண்டனை அல்ல’ என்ற அந்தக் காரணம் இன்னும் உயிரோடிருக்கிறது. குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு வழக்கறிஞர் தரும். நாடுகடத்தல் வழக்கில் தராது. சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. குழந்தைகளும் தனியே நீதிபதி முன் நிற்கிறார்கள். முறைகேடான சோதனையில் கிடைத்த சான்றைக் குற்ற வழக்கில் ஒதுக்கிவிடுவார்கள். நாடுகடத்தல் வழக்கில், மிக மோசமான மீறல் தவிர, அது ஏற்கப்படும் என்று 1984இல் லோபஸ்-மென்டோசா தீர்ப்பு சொன்னது. வீட்டையும் குடும்பத்தையும் பிழைப்பையும் ஒருங்கே இழக்கச் செய்யும் ஒன்றைத் தண்டனை இல்லை என்பது மெய்யியல் நோக்கில் நிற்காத வாதம். சட்டத்தில் நிற்கிறது. வாசலில் நடப்பது அவ்வளவு முக்கியமாவதும் இதனால்தான்: அங்கே கைநழுவியதைப் பின்னால் நீதிமன்றத்தில் மீட்பது கடினம்.

ஒவ்வொரு நபருக்கும் பாதுகாப்பு என்ற யிக் வோ கொள்கை எல்லைக்கோட்டருகே சுருங்கிவிடும். மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கஜத்துக்குள் பிடிபட்ட ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகச் சொன்னது. தாம் கடத்தப்பட்டு அடிக்கப்பட்டதாகக் கூறிப் புகலிடம் கேட்டவர் அவர். அவருடைய அச்சத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று அதிகாரிகள் முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவை நீதிமன்றம் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அமெரிக்க மண்ணில் கால் வைத்திருந்தாலும் அவர் இன்னும் நாட்டின் வாசற்படியில் நிற்பவரே, நாடாளுமன்றம் தந்த அளவுக்கு மேல் உரிமை இல்லை என்று 7-2 பெரும்பான்மை முடிவு செய்தது. கடனாளியைக் காத்த வாசல் இங்கே அரசைக் காக்கிறது. ஒரு நாட்டை வீடாகக் கருதலாமா என்பது விவாதத்துக்குரியது. கருதினாலும், உயிருக்கு அஞ்சி வாசலில் நிற்பவரிடம் வீட்டுக்காரருக்குள்ள கடமையைப் பற்றிக் கௌசிகன் கதை உணர்த்துவது அந்தத் தீர்ப்பில் இடம்பெறவில்லை.

எஞ்சுவது மூன்றாம் ஆள்: தேடப்படாதவர், ஆனால் தேடப்படுபவருக்கு இடம் கொடுப்பவர். விவிலியத்தில் எபிரேயருக்கு ஆறு அடைக்கல நகரங்கள் இருந்தன; அமெரிக்கச் சட்டத்தில் எந்தக் கோயிலுக்கும் அத்தகைய விலக்கு கிடையாது. ஒருவருக்கு உரிமைகளைச் சொல்லிக்கொடுப்பது குற்றமல்ல. சட்டவிரோதமாக இருப்பவர் என்று அறிந்தே அவரை அதிகாரிகளின் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பது குற்றம். எல் சால்வடார், குவாத்தமாலா போர்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக 1982 மார்ச் 24 அன்று அரிசோனாவின் டூசான் நகர் சவுத்சைடு பிரெஸ்பிட்டீரியன் தேவாலயம் வெளிப்படையாகக் கதவு திறந்தபோது, அதன் போதகர் ஜான் ஃபைஃப் இந்தக் கோட்டை அறிந்தே தாண்டினார். அவரோடு உழைத்த, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஜிம் கார்பெட் அதைச் சட்ட மறுப்பு என்று அழைக்க மறுத்தார். 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தை மீறுவது அரசு. அரசு செய்யத் தவறியதைக் குடிமக்கள் செய்கிறார்கள், அவ்வளவுதான் என்பது அவர் நிலை. குடியேற்றத் துறை ஒலிப்பதிவுக் கருவியோடு உளவாளிகளைத் தேவாலயக் கூட்டங்களுக்குள் அனுப்பியது. அகதிச் சட்டத்தைப் பற்றியும் எல் சால்வடார் நிலையைப் பற்றியும் பேச நீதிபதி இடம் தராத வழக்கில், 1986இல் எட்டுப் பேர் குற்றவாளிகளாயினர். எவரும் சிறை செல்லவில்லை. 1991இல் அரசு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, அந்த இரு நாட்டவரின் புகலிட மனுக்களைப் புதிதாக விசாரிக்க ஒப்புக்கொண்டது.

2011இல் வந்த துறைக் கொள்கை, வழிபாட்டிடம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றில் கைது நடவடிக்கையைப் பொதுவாகத் தவிர்க்கச் சொன்னது. அது சட்டமல்ல, அதிகாரிகளுக்கான அறிவுரை. 2025 ஜனவரியில் அதன் பின்வந்த வடிவம் ரத்து செய்யப்பட்டு, முடிவு அந்தந்த அதிகாரியின் விவேகத்துக்கு விடப்பட்டது. சில நாட்களில் குவேக்கர் சபைகள் மேரிலாந்தில் வழக்குத் தொடுத்தன. பாப்டிஸ்ட் கூட்டமைப்பு ஒன்றும் சாக்ரமென்டோ சீக்கியக் கோயிலும் சேர்ந்துகொண்டன. ஒரே கூரையின் கீழ் கூடி அமைதியாகக் காத்திருப்பதே குவேக்கர் வழிபாடு. ஆயுதம் தாங்கிய அதிகாரி வரக்கூடும் என்ற அச்சத்தில் ஆட்கள் வராமல் போனால் வழிபாடே குறைபடும் என்று அவர்கள் வாதிட்டார்கள். பிப்ரவரி 24 அன்று நீதிபதி தியோடர் சுவாங் இடைக்காலத் தடை விதித்தார். தடை வழக்காடிகளின் வழிபாட்டிடங்களை மட்டுமே காத்தது. வாரண்டோடு வருபவரை அதுவும் தடுக்கவில்லை.